பதினைந்தாம் நாளுக்குப் பிறகு அடித்த மீன்

1

‘விண்ணப்பம் கிடைத்துப் பதினான்கு நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கப்படாவிட்டால், ஆட்சேபணை இல்லையெனக் கொள்ளப்படும்.’

இலங்கையின் வடக்கில் ஒரு கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், நான் வேலை பார்த்த கிளையின் சுவரில் இந்த விதி ஒட்டப்பட்டிருந்தது. வாய்க்கால் வெட்ட, அணையில் மண் எடுக்க, குளத்து ஒதுக்குக் காணியில் மாடு கட்ட என்று வருகிற விண்ணப்பங்களுக்கெல்லாம் இதுதான் சட்டம். முப்பத்தொரு வருடம் இதை வைத்து உத்தியோகம் பார்த்தேன். நாங்கள் பதில் எழுத மறந்ததால்தான் அந்த மாவட்டத்தில் பாதி வாய்க்கால்கள் ஓடுகின்றன என்று சொன்னாலும் பிழையில்லை. 1984இல் லண்டனுக்கு வந்து இறங்கியபோது சுங்கத்தில் என் மனைவியின் பெட்டியிலிருந்த கருவாட்டை எடுத்துவிட்டார்கள். என் தலைக்குள் இருந்த விதியை ஒருவரும் எடுக்கவில்லை. கருவாட்டை விட்டுவிட்டு அதை எடுத்திருக்கலாம்.

இதை இப்போது எழுதக் காரணம் இன்று காலை வந்த ஒரு பெண். கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் எங்கள் சமையலறை மேசையில் ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிவரை நான் படிவங்கள் நிரப்பிக் கொடுப்பேன். கவுன்சில் வீடு, பெனிபிட், பள்ளிக்கூட மாற்றம், எது வந்தாலும் சரி. இரண்டு முறை ஓய்வுபெற்றவனுக்கு, அங்கே கச்சேரியில் ஒரு முறை, இங்கே ஒரு கவுன்சிலின் கோப்பறையில் ஒரு முறை, வேறு என்ன தெரியும்? அந்தப் பெண் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கேட்டாள்.

“பதில் வராட்டி என்ன ஐயா செய்யிறது?”

நான் பேனாவை மூடி வைத்தேன். தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று கேட்டேன். வெளியே மழை. ரோடிங் ஆறு கரை ஏறிவிட்டது என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். அவள் போன பிறகும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

2

1993ஆம் வருடம் தை மாதமும் இப்படித்தான் மழை.

என் மனைவி சரோவின் கடைசித் தம்பி நேசன் அப்போது எங்கள் வீட்டு மேல் அறையில் இருந்தான். முல்லைத்தீவுப் பக்கம், குளத்தின் கீழே வயல் செய்தவன். 1989இல் இங்கே வந்து, தனக்கு நடந்ததை ஒரு குடிவரவு அதிகாரியிடம் உள்ளபடி சொன்னான். அவர் நம்பவில்லை. அகதி என்று ஏற்கவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. தற்காலிகமாக இருக்கலாம், நான்கு வருடம் போன பிறகு மனைவி பிள்ளையைக் கூப்பிட விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கடதாசி கொடுத்தார்கள். மனைவி மலரும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில். அவன் புறப்பட்டபோது பிள்ளைக்கு இரண்டு வயது. இப்போது ஆறு. சனிக்கிழமைகளில் தொலைபேசியில் பேசுவாள். ஒருநாள் அவள் கேட்டது கூடத்தில் இருந்த எங்களுக்கெல்லாம் கேட்டது.

“அப்பா, உங்களுக்கு மீசை இருக்கோ?”

அந்தத் தையில் நான்கு வருடம் முடிந்தது. முதலாம் கிழமையே விண்ணப்பத்தை அனுப்பினோம். நிரப்பியது நான். வீடும் செலவும் என் பொறுப்பு என்று பொறுப்பாளராகக் கையெழுத்துப் போட்டதும் நான். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. காத்திருப்பது எனக்குப் பழக்கம், நேசனுக்கு இல்லை. ரொட்டித் தொழிற்சாலையில் காலை ஷிப்ட் முடித்து இரண்டரை மணிக்கு வருவான். சமையலறையிலிருந்து வாசல் கதவுவரை நடப்பான். பதினொரு அடி. கதவைப் பார்ப்பான். திரும்பி நடப்பான். தபால் காலையிலேயே வந்துவிடுகிறது என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் நடப்பான்.

“டேய், நிலம் தேயுது” என்பாள் சரோ. “ஒரு இடத்தில இரு.”

“இருந்தா எனக்குள்ள என்னவோ ஓடுது, அக்கா. நடந்தா அது கொஞ்சம் நிக்குது.”

வெள்ளம் பார்க்கலாம் என்று ஒரு பின்னேரம் அவனை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன். ரோடிங் ஆறு ஒரு காலத்தில் விட்டுவிட்டுப் போன பழைய வளைவு ஒன்று இருக்கிறது. கோடையில் நாணலும் சேறும். அன்று அது புல்வெளியோடு சேர்ந்து ஒரே தண்ணீராகக் கிடந்தது. பக்கத்தில் ஒரு தூண்டில் சங்கத்தின் ஏரி. அதன் கரையும் மூழ்கி, ஏரி மீன்கள் எல்லாம் புல்வெளிக்கு வந்துவிட்டன. முழங்காலளவு தண்ணீரில் கார்ப் மீன்கள். நம் கெண்டையின் சாதி, ஆனால் ஒவ்வொன்றும் கைப்பிள்ளை அளவு. முதுகு வெளியே தெரிய, புல்லைக் கிண்டிக்கொண்டு நின்றன.

நேசன் நடப்பதை நிறுத்தினான். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவன் ஒரு இடத்தில் நின்றதை அன்றுதான் கண்டேன்.

“மாடு மாதிரி மேயுதுகள், அத்தான். எங்கட குளம் நிரம்பி வான் பாயேக்க வயலுக்க இப்பிடித்தான் வரும். ஒரு வில் இருந்தால்...”

3

வில் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கிடைத்தது. கார் நிறுத்துமிடங்களில் பழைய சாமான் விற்கிற சந்தையில், யாரோ ஒரு பையன் விளையாடி விட்ட கண்ணாடிநார் வில். அம்பு நேசன் செய்தான். இரும்புக் கம்பியின் முனையைத் தீட்டி, பின்னோக்கி மடிந்த ஒரு முள் வைத்தான், குத்தினால் கழலாது. அம்பின் வாலில் நைலோன் நூல். நூலின் மறுபக்கம் ஒரு பால்மாத் தகரப் பேணியில் சுற்றியிருக்கும். மீன் அம்போடு ஓடினால் பேணியிலிருந்து நூல் கழன்று போகும், பிறகு இழுத்துக்கொள்ளலாம். பேணியைப் பிடிக்க இன்னொருவர் வேண்டும்.

நான் அவனைத் தடுத்தேன். அனுமதி இல்லாமல் ஒரு மீனும் அடிக்கக்கூடாது. தூண்டிலைத் தவிர வேறு கருவியால் மீன் பிடிப்பது இந்த நாட்டில் குற்றம் என்பதை நூலகத்தில் உட்கார்ந்து வாசித்து அறிந்தேன். அதே நூலகத்தில், ஆறுகளைப் பார்க்கிற அலுவலகம் வெளியிட்ட ஒரு துண்டுப் பிரசுரமும் கிடைத்தது. ஏரிகளிலிருந்து தப்பி ஆற்றுக்குள் வருகிற கார்ப், நீர்ச்செடிகளைக் கிண்டி அழித்து, தண்ணீரைக் கலக்கி, ஆற்றின் சொந்த மீன்களை இல்லாமற் செய்கிறது, அகற்றப்படவேண்டியது. எனக்கு வேண்டியது அதுதான். அவர்களுடைய சொந்த வாக்கியம்.

அந்த அலுவலகத்துக்கே விண்ணப்பம் எழுதினேன். இடம், காரணம், பயன்படுத்தும் கருவி, பயன்படுத்துபவரின் அனுபவம், துண்டுப் பிரசுரத்தின் பக்க எண். இறுதியில் ‘தங்கள் கீழ்ப்படிவுள்ள ஊழியன்’ என்ற வழக்கமான முடிவு. என் மகள் வதனி அதைத் தட்டச்சு செய்தாள். தெற்கு லண்டன் சட்டனில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை, அங்கேயே இரண்டு சிநேகிதிகளோடு குடியிருந்தாள். இரண்டு கிழமைக்கு ஒரு ஞாயிறு வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் அவரவர் கரையில் நின்று பேசிக்கொள்வோம்.

“அப்பா, நோபடி ரைட்ஸ் லைக் திஸ் எனிமோர்.”

“எழுதிறவன் நான் இருக்கிறன். நீ அடி பிள்ளை.”

பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதினான்கு நாட்கள் போயின. பதில் வரவில்லை. வெள்ளம் வடியத் தொடங்கியிருந்தது. வடிந்தால் மீன்கள் ஏரிக்கோ ஆற்றுக்கோ போய்விடும்.

“அத்தான், பதில் வரட்டுமே” என்றான் நேசன்.

“வந்திட்டுது.”

“எங்க?”

“வராததுதான் பதில். ஆட்சேபணை இல்லை எண்டு அர்த்தம்.”

அவன் யோசித்தான். தன் விசயம் விசா அலுவலகத்தில் கிடக்கிற நேரத்தில் இது தேவையோ என்று கேட்டான். அவனுடைய கேள்வி சரியான கேள்வி. அதைத் தள்ளிவிட்டவன் நான். அவன் ஒரு இடத்தில் நிற்பதை மறுபடியும் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. அதில் பாதிதான் உண்மை. என் விதி இந்த நாட்டிலும் செல்லும் என்று காட்ட விரும்பினேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. நல்ல வெயில், பயங்கரக் குளிர். நான் கம்பளி மேலங்கியும் இறப்பர்ச் சப்பாத்தும் போட்டுப் பேணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேசன் முழங்கால் தண்ணீரில், சத்தமில்லாமல், ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துப் போனான்.

“மீன் தெரியிற இடத்தில மீன் இல்லை, அத்தான்” என்றான் மெதுவாக. “தண்ணி மேல தூக்கிக் காட்டும். அதுக்குக் கீழ அடிக்கவேணும்.”

அடித்தான். தண்ணீர் வெடித்தது. பேணி என் கையில் சுழன்று நூல் விரலை அறுத்தது. நான் பேணியை விடவில்லை. விட்டிருந்தால் விழுந்திருக்கமாட்டேன். மேலங்கியோடு வெள்ளத்தில் உட்கார்ந்தேன். நேசன் ஒரு கையால் நூலையும் மறு கையால் என்னையும் இழுத்தான். சிரித்தான். அவன் சிரிக்கும்போது சரோவின் முகச் சாயல் வரும் என்பதை மறந்தே போயிருந்தேன்.

“விடாதேங்கோ அத்தான்! பேணி உங்களுக்கு, மீன் எனக்கு!”

கரைக்கு இழுத்தபோது அது பத்துக் கிலோவுக்குக் குறையாது. பொன்னிற முதுகு, இடது பக்கத்தில் காசு அளவில் பெரிய செதிள்கள் ஒரே வரிசையாக.

அப்போதுதான் மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் ஆற்றுக் காவலர், அந்த அலுவலகத்தின் உத்தியோகத்தர். மற்ற இருவர் தூண்டில் சங்கத்தார். அவர்களில் பச்சைச் சட்டைபோட்ட பெரிய மனிதர் எங்களைப் பார்க்கவே இல்லை. மீனுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு அதன் இடது பக்கத்தைத் தடவினார்.

“டோரிஸ்” என்றார்.

நான் அவர் யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தேன். பிறகுதான் விளங்கியது. இவர்கள் மீனைப் பிடித்து, ஈரப் பாயில் கிடத்தி, நிறுத்து, படம் எடுத்து, தூண்டில் குத்திய இடத்துக்கு மருந்து பூசி, திரும்பத் தண்ணீரில் விடுகிறவர்கள். அந்த மீனை அவர் பதினொரு வருடத்தில் நான்கு முறை பிடித்து நான்கு முறை விட்டிருக்கிறார். அவருடைய கண் நிறைந்திருந்தது. இதை வாசிக்கும்போது உங்களுக்குச் சிரிப்பு வரும், எழுதும்போது எனக்கும் வந்தது, ஆனால் அன்று வரவில்லை. அழுகிற மனிதர் அழுகிற மனிதர்தான்.

“நீங்கள் எங்களைக் கேட்டிருக்கலாம்” என்றார்.

“கேட்டேன்” என்றேன். “பதிவுத் தபாலில்.”

காவலர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார். யார் எய்தது என்று கேட்டார். நேசன் வாய் திறந்தான். மலர், பிள்ளை, லொட்ஜ் அறை, விசா அலுவலகத்தில் கிடக்கிற கோப்பு, எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் ஒரு மேசையில் அடுக்கி வைத்ததுபோல் தெரிந்தன. அவன் பேசுவதற்கு முன் நான் சொன்னேன்.

“நான்தான்.”

காவலர் என்னைப் பார்த்தார். தண்ணீர் சொட்டுகிற மேலங்கி, நரைத்த தலை, பேணி. பிறகு நேசனைப் பார்த்தார். வில் அவன் கையில் இருந்தது.

“நீங்களா?”

“நான்தான், ஐயா.”

அவர் எழுதிக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடி பதிவதுதான் முறை. நல்ல உத்தியோகத்தர். வில்லையும் மீனையும் சாட்சியப் பொருளாக எடுத்தார். நான் பற்றுச்சீட்டுக் கேட்டேன். பாவம், அவரிடம் அதற்கென்று படிவம் இல்லை. புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து எழுதித் தந்தார்: கார்ப் ஒன்று, இறந்தது, அம்புடன்.

5

“தேங்காய் உடைக்க ஏலாத கையால வில்லு வளைச்சனீங்களோ?” என்றாள் சரோ. “அவன் எழுதினவன் உங்கட கையைப் பார்க்கேல்லையோ?”

“பார்த்தவர்.”

“பார்த்திட்டும் எழுதினவரோ? நல்ல நாடு.”

நேசன் ஈரச் சப்பாத்தைக் கழற்றினான். மேலே போய்விட்டான்.

நான் செய்தது புத்தியான காரியம் என்றுதான் அடுத்த ஞாயிறுவரை நினைத்திருந்தேன். வதனி வந்து, கதையைக் கேட்டு, முதலில் நன்றாகச் சிரித்தாள். டோரிஸ் என்ற பெயரை இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

“அப்பா, மாமாவின் அப்ளிகேஷனில் ஹூ இஸ் த ஸ்பொன்சர்?”

பொறுப்பாளர் நான். எங்கள் கோப்பறையில் ஒரு மாதிரியான பிழை உண்டு. கோப்பைக் காப்பாற்ற வேண்டும் என்று வேறொரு அலுமாரியில் ஒளித்து வைப்போம், பிறகு பார்த்தால் அந்த அலுமாரிதான் ஏலத்தில் போகிறது. நேசனுக்குப் பதிலாக நான் குற்றவாளியானால், அவனுடைய மனைவி பிள்ளைக்கு வீடும் உணவும் தருவேன் என்று உத்தரவாதம் கொடுத்த மனிதர் குற்றவாளியாகிறார். முப்பத்தொரு வருடம் விண்ணப்பங்களைச் சரிபார்த்தவனுக்கு, தன் பெயர் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது தெரியாமற் போய்விட்டது.

அன்றிலிருந்து நானும் நடக்கத் தொடங்கினேன். காலையில் நான், பின்னேரம் நேசன். ஆற்று அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். ‘உங்கள் விடயம் பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு அட்டை வந்தது. நேரில் போனேன். கவுண்டரில் இருந்த பெண் என் கடிதத்தை எடுத்து, கடைசி வரியைப் பக்கத்துப் பெண்ணுக்குக் காட்டினாள். கீழ்ப்படிவுள்ள ஊழியன். இருவரும் சிரித்தார்கள். பழைய தொப்பி ஒன்றைப் பெட்டியில் கண்டெடுத்தவர்கள்போல் அன்பாகச் சிரித்தார்கள். கேலியாகச் சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பங்குனிக் கடைசியில் விசா அலுவலகத்திலிருந்து ஒரு மேலதிகப் படிவம் வந்தது. பொறுப்பாளரின் உறுதிமொழி. இருபத்தெட்டு நாட்களில் திருப்பி அனுப்ப வேண்டும். ஏழாவது கேள்வி: உங்கள்மீது ஏதாவது குற்ற நடவடிக்கை நிலுவையில் உள்ளதா?

‘இல்லை’ என்றால் பொய். ‘ஆம்’ என்றால் விளக்கம் எழுதவேண்டும். விளக்கத்தில் நான் எய்தேன் என்று எழுதினால் அதுவும் பொய், அதுவும் கையெழுத்துப் போட்ட பொய். எய்தது நேசன் என்று எழுதினால் அவனுடைய விண்ணப்பத்தை நானே கிழித்துப் போட்டதாகும். ஆறு வரைவு எழுதினேன். மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் ரொட்டித் தொழிற்சாலைச் சப்பாத்தோடு நேசன் கதிரையில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தான்.

“இதெல்லாம் என்ன, அத்தான்?”

“வரைவு.”

“ஆறும் பொய்.”

“நாலுதான் பொய். இரண்டு முடியேல்லை.”

அவன் சிரிக்கவில்லை. கடதாசிகளை ஒழுங்காக அடுக்கி வைத்தான்.

“நான் இஞ்ச வந்து எல்லாத்தையும் உள்ளபடி சொன்னனான். அந்த அதிகாரி என்ர முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், ஒண்டையும் நம்பேல்லை. உங்கட பொய்யை அந்தக் காவல்காரன் நிண்ட நிலையில எழுதிக்கொண்டான். வில்லு என்ர கையில இருக்க எழுதிக்கொண்டான். எனக்கு அது எப்பிடி இருந்தது தெரியுமே?”

“உனக்காகத்தான் நேசன்...”

“தெரியும். பெரிய மனசு. ஆனா மலர் வந்து இறங்கிறது ஒரு பொய்யில வேண்டாம். நான் போய்ச் சொல்லப் போறன்.”

“சொன்னா விசா போயிடும்.”

“போகலாம்.”

போகலாம் என்ற அந்தச் சொல்லை அவன் அமைதியாகச் சொன்னான். பிறகு குனிந்து சப்பாத்து நாடாவை அவிழ்த்து மறுபடியும் கட்டினான்.

6

ஆற்று அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றார்கள். நான் செய்யமுடியாது. சம்பந்தப்பட்டவர் மொழிபெயர்க்கக்கூடாது என்று நானே அவர்களுக்குச் சொன்னேன். வதனி அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு வந்தாள். அவளும் நேசனும் உள்ளே போக, நான் வெளியே மர வாங்கில் இருந்தேன். பத்து நிமிட வேலை. ஒரு மணி நேரம் ஆகியும் கதவு திறக்கவில்லை. எழும்பினேன், இருந்தேன், அறிவித்தல் பலகையில் இருந்ததெல்லாம் வாசித்தேன், மறுபடியும் முதலிலிருந்து வாசித்தேன்.

கதவு திறந்து முதலில் வெளியே வந்தவள் வதனி. முகம் சிவந்திருந்தது. என்னோடு தமிழில் பேசினாள். சிறு பிள்ளையாக இருந்தபோது பேசிய தமிழ், அங்கங்கே தடக்கி விழுகிற தமிழ்.

“அப்பா, வில்லடிக்க எங்க பழகினது எண்டு உள்ள இருந்த பெரிய ஒபிசர் கேட்டவர். மாமா சொல்லத் தொடங்கினார். குளம், வெள்ளம், வயல்... பிறகு ஆமி வந்தது, பிறகு அந்தக் காம்ப். எல்லாம் சொன்னவர். எனக்குச் சில சொல்லு தெரியேல்லை. மாமா வேற சொல்லுப் போட்டுத் திரும்பச் சொன்னவர். எனக்கு... எனக்கு இதொண்டும் தெரியாது, அப்பா. நாலு வருசம் எங்கட வீட்டில இருந்திருக்கிறார்.”

“அந்த உத்தியோகத்தர் என்ன செய்தார்?”

“எழுதினார். முழுக்க எழுதினார்.”

மீனைப் பற்றி விசாரிக்க வந்த ஒரு உத்தியோகத்தர், எந்தப் பத்தியிலும் கேட்கப்படாத நாற்பது நிமிடத்தைத் தன் கையால் எழுதியிருக்கிறார். எனக்கு அதை எந்த விதியின் கீழ் வைப்பது என்று தெரியவில்லை. நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தால், விடயத்துக்கு வாரும் என்று சொல்லியிருப்பேன்.

பிறகு அந்த மூத்த உத்தியோகத்தர் என்னை உள்ளே கூப்பிட்டார். அன்று ஆற்றங்கரையில் குறிப்பெழுதிய அதே காவலர் பக்கத்தில் நின்றார்.

“அந்த வில்லை நான் வளைத்துப் பார்த்தேன்” என்றார் காவலர் என்னிடம். “எனக்கே கஷ்டம். உங்களால் முடியாது என்று அன்றைக்கே தெரியும்.”

“பிறகு ஏன் எழுதினீர்கள்?”

“நீங்கள் அவ்வளவு உறுதியாகச் சொன்னீர்கள்.”

என் தை மாத விண்ணப்பத்தையும் மேசையில் வைத்திருந்தார்கள். ஓய்வூதியர்களுக்கான தூண்டில் சலுகைக் கோப்பில் இருந்ததாம். பதினான்கு நாள் விதியைப் பற்றி நான் விளக்கினேன். மூத்தவர் பொறுமையாகக் கேட்டார்.

“இங்கே பதில் வரவில்லையென்றால், பதில் வரவில்லை என்றுதான் அர்த்தம்” என்றார்.

நேசனுக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை. பொய் சொன்னதற்கு எனக்கு வாயால் ஒரு எச்சரிக்கை. அறுபத்திரண்டு வயதில், மகளுக்கு முன்னால். நீதிமன்றம் இல்லை. பச்சைச் சட்டை மனிதருக்கு நேசன் ஒரு கடிதம் எழுத விரும்பினான். வதனி எழுதிக் கொடுத்தாள். ‘அதற்குப் பெயர் இருந்தது எனக்குத் தெரியாது’ என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நான் தெம்பாகிவிட்டேன். இனி ஏழாவது கேள்விக்கு நான் ‘இல்லை’ என்று எழுதலாம், உண்மையாகவே. நேசனின் படிவம் தீர்ப்புகளை மட்டும்தான் கேட்கிறது, எச்சரிக்கை தீர்ப்பு ஆகாது.

“எழுதத் தேவையில்லை” என்றேன். “விதிப்படி ஒண்டுமே இல்லை.”

“எழுதுங்கோ, அத்தான்.”

“கேட்காத கேள்விக்குப் பதில் எழுதக்கூடாது. இது கச்சேரியில முதல் பாடம்.”

“கேக்காட்டியும் எழுதுங்கோ. நான் எய்தது, நீங்கள் மாறிச் சொன்னது, பிறகு நான் போய்ச் சொன்னது. எல்லாம்.”

சரோ அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். தம்பியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “அவனுக்கு ஒருக்காவாவது சொன்னதை எழுதிக் குடுங்கோவன்” என்றாள்.

ஒரு மேலதிகத் தாளில் எழுதி இணைத்தேன். வாழ்நாளில் நான் தயாரித்த கோப்புகளிலேயே மோசமான கோப்பு அது. தேவையில்லாத உண்மை இரண்டு பக்கம்.

7

சித்திரை போனது. வைகாசி போனது. கொழும்பில் லொட்ஜ்காரர் அறையைக் காலி செய்யச் சொன்னார். மலர் வேறு லொட்ஜுக்குப் போனாள். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் பொலிஸில் புதிதாகப் பதிய வேண்டும். ஒரு முறை இரண்டு கிழமை அழைப்பே வரவில்லை. அந்த இரண்டு கிழமையும் நேசன் நடக்கவில்லை. வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமல் வாசல்படியில் இருந்தான். நடந்தால் நல்லது என்று நினைத்தேன்.

தாளை இணைத்திருக்கக்கூடாது என்று நான் ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொல்லவில்லை. இரவு சாப்பாட்டில் சரோவின் கண் என்னைப் பார்க்கும், அவளும் அதையே நினைக்கிறாள் என்று தெரியும். வதனி இப்போது ஒவ்வொரு ஞாயிறும் வந்தாள். மாமாவிடம் சொற்கள் கேட்பாள். வான் பாயிறதெண்டா என்ன, துலா எண்டா என்ன. எழுதியும் வைத்தாள், ஆங்கில எழுத்தில்.

ஒரு புதன்கிழமை காலை, நான் ஒருவருக்குப் பள்ளிக்கூடப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது கதவின் தபால் துளையால் ஒன்று விழுந்தது. பழுப்பு உறை. நேசனின் பெயர்.

“திறவுங்கோ” என்றாள் சரோ.

“அவன்ர கடிதம்.”

“அவன் வர இரண்டரை ஆகும். அதுக்கிடையில எனக்கு நெஞ்சு நிண்டா ஆர் பொறுப்பு?”

அவள் உறையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கேத்தில் ஆவியில் பிடிக்கலாம் என்றாள். நான் உறையை வாங்கி மேசை நடுவில் வைத்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். இரண்டு மணி நாற்பதுக்கு நேசன் வந்தான். மீசையில் ரொட்டி மா. உறையைக் கண்டான். எடுத்தான். என்னிடம் நீட்டினான்.

“நீங்கள் வாசியுங்கோ, அத்தான். எனக்குக் கண் தெரியேல்லை.”

கிழித்தேன். தொடர்பு இலக்கத்திலிருந்து வாசித்தேன். மனைவிக்கும் மகளுக்கும் நாட்டுக்குள் வர அனுமதி வழங்கப்படுகிறது. இணைக்கப்பட்ட மேலதிக அறிக்கை கவனத்தில் எடுக்கப்பட்டது. சரோ சுவரில் சாய்ந்து நிலத்தில் இருந்தாள்.

“திரும்ப” என்றான் நேசன்.

திரும்ப வாசித்தேன்.

“அந்தக் கடைசி வரி.”

வாசித்தேன். அதை அவன் தமிழில் தனக்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தான். பிறகு கேட்டான்.

“எண்டைக்கு எழுதியிருக்கினம்?”

“ஐந்தாம் திகதி.”

“ஒன்பது நாளுக்கு முன்னமே ஓம் எண்டிட்டினம்.” கண்ணைத் துடைத்தான், மா கண்ணுக்குள் போனது. “ஒன்பது நாள் நான் சும்மா செத்திருக்கிறன்.”

நான் பேனாவை எடுத்தேன். கடிதத்தின் வலது மேல் மூலையில், வந்து சேர்ந்த எந்தக் கடிதத்திலும் எழுதுவதுபோல் எழுதினேன்.  கிடைத்தது: 14 யூலை 1993.